மோர்மிளகாயும் மேயர்களும்

பயப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். பாரிஸுக்கு வடக்கே ஒரு சின்ன ஊரின் நகரசபையில் எனக்கு ஒரு மேசை உண்டு. கதவில் 'ஆபத்துகளும் காப்பீடும்' என்று பலகை தொங்கும். பள்ளிக்கூடக் கூரை, பூங்கா ஊஞ்சல், குப்பை லாரி, கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் மண்டபம் என்று ஊருக்குச் சொந்தமானவற்றில் எது விழலாம், எது எரியலாம், எது யார் தலையில் இறங்கலாம் என்று யோசித்துக்கொண்டே இருப்பது என் வேலை. என் சான்றிதழ்களைப் பார்த்துத்தான் எடுத்தார்கள் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். என் மனைவி ஒத்துக்கொள்வதில்லை. "உங்க மூஞ்சியப் பாத்திருப்பாங்க, அதுவே போதும்," என்பாள்.

அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பாரிஸின் லா ஷப்பேல் பகுதியில் எங்கள் வீட்டை விட்டு இறங்கி, கார் து நோர் ரயில் நிலையம் வரை நடந்து, ரயிலேறுவதற்குள் அவளுக்குப் போன் செய்து "அடுப்ப அணைச்சியா?" என்று கேட்காவிட்டால் எனக்குப் பொழுது விடியாது. எங்கள் வீட்டில் இருப்பது மின்சார அடுப்பு. அவள் அதன் முன்னால் நின்று சமைத்துக்கொண்டேதான் போனை எடுப்பாள்.

அந்த இலையுதிர்காலத்தில் என் பயத்துக்கு முதல்முறையாகக் காரணம் கிடைத்தது. எங்கள் ஊருக்குக் காப்பீடு தந்துகொண்டிருந்த கம்பெனி, ஜனவரியிலிருந்து தங்களால் முடியாது என்று விலகிக்கொண்டது. புயல், வெள்ளம், தெருக் கலவரம் என்று செலவு ஏறிக்கொண்டே போனதால் சின்ன ஊர்களென்றாலே கம்பெனிகள் கும்பிடு போட்டு ஒதுங்கின காலம் அது. நாங்கள் டெண்டர் விட்டோம். ஒருவரும் வரவில்லை. காப்பீடு இல்லாவிட்டால் மண்டபத்தைத் திறக்க முடியாது, பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா அனுப்ப முடியாது. ஒரு ஓடு பெயர்ந்து ஒரு தலையில் விழுந்தால் போதும், ஊரே பல வருஷத்துக்கு அந்தத் தலைக்காக உழைக்க வேண்டியதுதான்.

ஒரே ஒரு வழி இருந்தது. சுற்றுவட்டாரத்துச் சின்ன ஊர்கள் சில சேர்ந்து தங்களுக்குள்ளேயே ஒரு கூட்டுக் காப்பீடு நடத்திக்கொண்டிருந்தன. ஒவ்வொரு ஊரும் ஆண்டுதோறும் தன் பங்கைப் பொதுவில் போடும். யாருடைய கூரை பறந்தாலும் பொதுவிலிருந்து எடுத்து வேய்வார்கள். கேட்பதற்குப் பாயாசம் மாதிரி இருக்கிறது, இல்லையா? அதில் ஒரு கல்லும் கிடந்தது. கம்பெனிக்காரன் காகிதத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவான். உன் கூரை பறந்தால் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டிய பக்கத்து ஊர்க்காரன் அப்படியா போவான்? ஏணி போட்டு உன் கூரைமேல் ஏறிப் பார்ப்பான்.

எங்கள் மேயர் ஓய்வுபெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியை. எல்லோரிடமும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பேசுவதுபோலவே பேசுவார். என்னை அழைத்து நிதானமாகச் சொன்னார்: "சனிக்கிழமை அந்த ஊர்களின் மேயர்கள் வருகிறார்கள். நம்முடைய பெரிய ஆபத்து மண்டபம்தான் என்று அதைப் பார்க்கக் கேட்டிருக்கிறார்கள். பார்த்துவிட்டு அன்றைக்கே முடிவு சொல்வார்கள். ஆண்டு முடிவதற்குள் அவர்களுக்கு வேறு கூட்டம் இல்லை."

அன்று வேலை முடிந்ததும் மனசு ஆறட்டும் என்று ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவில் நான் வழக்கமாகக் காய்கறி வாங்கும் கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். நான் புதுச்சேரிக்காரன். அவர் தமிழும் என் தமிழும் பல வருஷமாக அந்தத் தராசடியில்தான் சந்தித்துக்கொள்கின்றன. என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"அண்ணை, சனிக்கிழமை மறந்துபோடாதேங்கோ. மகளின்ரை முகூர்த்தத்துக்கு முன்னமே வந்திடவேணும். உங்கடை சால்தானே, நீங்கள்தான் எங்களுக்குக் கதவைக் காட்டவேணும்."

மண்டபத்தை இங்கே எல்லோரும் சால் என்றுதான் சொல்வார்கள். அதை அவருக்குச் சிபாரிசு செய்தவனும் நான்தான். எப்போதோ, ஒரு கோடையில். மண்டபத்தை வாடகைக்கு விடுவது எங்கள் அலுவலகத்தில் பக்கத்து மேசை. பயப்படுவது மட்டும்தான் என் மேசை.

"எந்த சனிக்கிழமைங்க?"

"இந்தச் சனிதான் அண்ணை! என்ன, முகம் ஒரு மாதிரிப் போகுது?"

கையிலிருந்த முருங்கைக்காயைக் கைத்தடியாக ஊன்றிக்கொண்டு நின்றேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன். முகூர்த்தத்தைக் கொஞ்சம் சாயங்காலமாகத் தள்ளலாமா என்றும் கேட்டுவிட்டேன். கடையில் நின்ற இரண்டு அம்மாக்கள் வெண்டைக்காய் ஒடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"என்ன கதை கதைக்கிறியள்? நாள் பாத்தாச்சு. லண்டனிலையிருந்து, கனடாவிலையிருந்து சனம் வந்து இறங்கீட்டினம். உங்கடை மேயர்மாரை மாத்துங்கோ. அவைக்கு நாள் நட்சத்திரம் ஒண்டும் இல்லைத்தானே?"

"அவங்கள மாத்த முடியாதுங்க. அன்னைக்கு அவங்க வேணாம்னுட்டா ஜனவரியிலேர்ந்து சாலுக்குப் பூட்டுதான்."

"அப்ப அவையையும் கலியாணத்துக்குக் கூப்பிடுங்கோ. இலை போட்டா ஆர் வேண்டாம் எண்டுவினம்?"

மறுநாள் மேயரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவரும் அதையே வேறு மொழியில் சொன்னார். "நல்லதாகப் போயிற்று. வகுப்பில் பிள்ளைகள் இருக்கும்போதுதான் ஆய்வாளர் வரவேண்டும்." என்னைத் தவிர இரண்டு நாட்டுக்காரர்களுக்கும் ஒரே தைரியம்.

அன்றிலிருந்து நான் ஒரு தளபதி. என் எதிரி ஒன்றே ஒன்று: ஓமகுண்டம். கூரையில் புகை கண்டுபிடிக்கும் கருவிகள், கீழே நெய் ஊற்றி வளர்க்கும் தீ! கல்யாணம் நடத்தும் ஐயருக்குப் போன் போட்டேன். மின்சார விளக்கில் முடித்துக்கொள்ளலாமா என்று மிகவும் பணிவாகக் கேட்டேன்.

"தம்பி," என்றார் அவர், "அக்கினி சாட்சியெண்டுதான் சொல்லுறது. பல்ப் சாட்சியெண்டு இண்டைவரைக்கும் ஒருத்தரும் கலியாணம் செய்யேல்லை."

கடைசியில் சமாதானமானோம். சின்னச் செம்புக் குண்டம், அதன் கீழே மணல் பரப்பிய தட்டு, சுள்ளி கொஞ்சமாக, நெய் அதைவிடக் கொஞ்சமாக. மணவறைக்கு அருகில் தீயணைப்பான் ஒன்றை நிறுத்தினேன். சனிக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் பெண்வீட்டார் அதற்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். சிவப்பு உடம்பும் கறுப்புத் துதிக்கையுமாக அது பிள்ளையார் மாதிரியே இருந்ததைச் சொல்லத்தான் வேண்டும்.

விருந்தினர் நிறைந்ததும் ஒலிவாங்கியைப் பிடித்தேன். "அபாய மணி அடிச்சா யாரும் ஓடக்கூடாது, நிக்கவும் கூடாது. இந்த ரெண்டு பச்சைக் கதவு வழியா வெளியே போயி வண்டி நிறுத்துற இடத்துல நிக்கணும்." மண்டபமே "ஓம், ஓம்" என்று தலையாட்டியது. அத்தனை ஒற்றுமையாகத் தலையாட்டினால் ஒருவரும் கேட்கவில்லை என்று அர்த்தம். இந்த வயதில் அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மேயர்கள் வந்தார்கள். வாசலில் பன்னீர் தெளித்து, கற்கண்டு கொடுத்து, சந்தனம் நீட்டினார்கள். அவர்களில் ஒருவர் பீட்ரூட் பயிரிடும் விவசாயி. ஆள் கதவளவு அகலம். கூட்டுக் காப்பீட்டில் அவர் சொல்தான் சொல் என்று எங்கள் மேயர் காதில் போட்டிருந்தார். நெற்றியில் சந்தனத்தோடு அவர் கூரையைப் பார்த்தார், கதவுகளைப் பார்த்தார், தீயைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"இது உண்மையான தீயா?"

"ஆமாம் ஐயா. ஆனால் சின்னது."

"எல்லாத் தீயும் பிறக்கும்போது சின்னதுதான்," என்றார். நான் தீயணைப்பான் பக்கமாக ஒரு அடி நகர்ந்துகொண்டேன்.

ஆனால் என்ன அதிசயம்! ஓமப்புகை நூல் பிடித்ததுபோல மேலே போய், நான் திறந்து வைத்திருந்த மேல்ஜன்னல் வழியாக ஒழுங்காக வெளியேறியது. கருவிகள் மூச்சு விடவில்லை. ஐயர் தாலியைக் கையில் எடுத்தார். நான் பீட்ரூட் மேயரைப் பெருமையோடு பார்த்துச் சிரிக்கிறேன், அந்த நேரம் தொண்டையில் ஏதோ சுரண்டியது. பக்கத்தில் ஒரு அம்மா இருமினார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே இருமியது. அந்த வாசம் எனக்குத் தெரியும். தமிழனாகப் பிறந்த எந்த மூக்குக்கும் தெரியும்.

மோர்மிளகாய்!

மண்டபத்துச் சமையலறையில் யாரோ பந்திக்காகச் சட்டி நிறைய மோர்மிளகாய் பொரித்துக்கொண்டிருந்தார்கள். நாளெல்லாம் ஐயரின் நெருப்பைக் காவல் காத்தவன், சமையல்காரரின் நெருப்பை மறந்தேபோனேன். வீட்டில் அடுப்பு அடுப்பு என்று அடித்துக்கொள்கிறவன்!

அபாய மணி அலறியது.

தாலி மாப்பிள்ளையின் கையில், மணப்பெண்ணின் கழுத்தருகே. அந்த நேரத்தில் கெட்ட ஓசை ஒன்றும் மணமக்கள் காதில் விழக்கூடாது என்றுதானே கெட்டிமேளம் வைத்திருக்கிறோம்? தும்மல், அழுகை, அபசகுனப் பேச்சு, எதுவும் கேட்கக்கூடாது. கடைக்காரர் கை உயர்த்திச் சுழற்றினார். "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" இரண்டு தவில்களும் நாதஸ்வரமும் அந்த மணியின் மேல் இடியாய் இறங்கின. பிரெஞ்சுக் குடியரசின் அபாய மணி அப்படி ஒரு அடி வாங்கியதை நான் கண்டதில்லை. மணி அடிக்க அடிக்க அவர்கள் இன்னும் ஓங்கி அடித்தார்கள். ஒரு நாற்காலிகூட நகரவில்லை.

நான் மணவறையை நோக்கி ஓடினேன். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் ஆட்டி "வெளியே! வெளியே!" என்று கத்தினேன். சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? ஆசீர்வதிக்க ஓடுகிறேன் என்று நினைத்தார்களோ என்னவோ, மணமக்களுக்கு வீசிய பூவும் அரிசியும் பாதி என் மேல் விழுந்தன. வாயில் அரிசி, கண்ணில் மல்லிகை. மூன்றாவது முடிச்சு விழுந்ததும் நான் பெரிய தவிலின் மேல் அப்படியே இரண்டு உள்ளங்கைகளையும் பதித்துப் படுத்துவிட்டேன்.

மேளம் நின்றது. மணி மட்டும் தனியாக அலறியது. எல்லோரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள்.

"ஆரின்ரையோ போன் அடிக்குது," என்றார் முன்வரிசையில் ஒரு பெரியவர்.

அதன்பிறகு நான் செய்ததற்கு மூளை பொறுப்பல்ல. நாதஸ்வரக்காரரின் சால்வையைப் பிடித்துப் பச்சைக் கதவை நோக்கி இழுத்தேன். அவர் இழுபட்டார், ஆனால் குழலை வாயிலிருந்து எடுக்கவில்லை. இழுத்த வேகத்தில் மறுபடியும் ஊதவும் தொடங்கினார். குழல் போகிற இடத்துக்குத் தவில் போகத்தானே வேண்டும்? இரண்டு தவில்காரர்களும் அடித்துக்கொண்டு பின்னால் வந்தார்கள். மேளம் புறப்பட்டுவிட்டதே என்று மணமக்கள் எழுந்தார்கள். மணமக்கள் எழுந்தால் தாய்தகப்பன் எழுவார்கள், தோழிகள் விளக்கோடு எழுவார்கள், லண்டன் எழும், கனடா எழும். கண்மூடித் திறப்பதற்குள் முழு மண்டபமும் வரிசை கலையாமல், தள்ளுமுள்ளு இல்லாமல், பட்டுச்சேலை சரசரக்க ஊர்வலமாக வெளியே போய்க்கொண்டிருந்தது. நடுவில் நெற்றிச் சந்தனத்தோடு மேயர்களும் நடந்தார்கள். அடடா, அந்தக் காட்சி! பயத்தையெல்லாம் மறந்து நான் கைதட்டினேன்.

திரும்பிப் பார்த்தால் ஐயர் குண்டத்தின் முன்னால் அசையாமல் இருக்கிறார்.

"ஐயா, வாங்க! மணி அடிக்குது!"

"அக்கினியை அப்பிடி விட்டிட்டு வரேலாது தம்பி. இருங்கோ, முறையா முடிச்சுப்போட்டு வாறன்."

தீயணைப்பானைத் தூக்கினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அதை இறக்கி வைத்துவிட்டேன். அவர் மந்திரம் சொல்லித் தயிர் தெளித்து அக்கினியை ஆறவைக்கும் வரை, அபாய மணிக்குக் கீழே, இரண்டு கை கட்டி நின்றேன்.

நாங்கள் வெளியே வந்தபோது சமையல்காரர் ஜன்னல்களைத் திறந்து, சட்டியை இறக்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தார். எரிந்தது மிளகாய் மட்டும்தான். கடைக்காரர் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். "தாலி ஏறீட்டுது அண்ணை! இனிச் சால் எரிஞ்சாலும் பரவாயில்லை!"

"எனக்குப் பரவால்லீங்களா?" என்றேன்.

பீட்ரூட் மேயர் எங்கள் மேயரிடம் பேசிக்கொண்டிருந்தார். "எங்கள் ஊர் மண்டபத்தில் மணி அடித்தால் கோப்பை காலியாகும் வரை ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். இங்கே பாட்டியிலிருந்து கைக்குழந்தை வரை வெளியே நிற்கிறார்கள். வாத்தியக்காரர்களை முன்னால் விடுவது உங்கள் திட்டத்தில் இருக்கிறதா?"

"இனிமேல் இருக்கும்," என்றார் எங்கள் மேயர், கண் சிமிட்டாமல்.

"எல்லோரும் வெளியே வந்தாயிற்றா?"

"இருவர் மட்டும் கடைசியில் வந்தார்கள். ஒருவர் குருக்கள். மற்றவர் எங்கள் ஆபத்து அலுவலர்."

முடிவு பந்தியில்தான் நடந்தது. இலை போட்டபின் மேயர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைக்காரர் சொன்னது பலித்தது. பீட்ரூட் மேயர் அந்த மோர்மிளகாயையே ஒன்று கடித்து, முகம் தன் பயிரின் நிறத்துக்குப் போய், தண்ணீர் குடித்துவிட்டு, "குற்றவாளி இவன்தானா?" என்றார். சமையலறையில் புகை உறிஞ்சும் கருவி பொருத்த வேண்டும், கல்யாண வாத்தியக்காரர்களிடம் முன்கூட்டியே கதவைக் காட்ட வேண்டும் என்று இரண்டு நிபந்தனை சொன்னார். "மூன்றாவது, இந்த அலுவலர் மணி அடித்தால் வெளியே வரப் பழக வேண்டும்." பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார். வலது கை முழுக்கச் சோறும் குழம்பும். எல்லா மேயர்களும் இடது கையைத் தூக்கினார்கள்.

நான் இலையைப் பார்த்துக்கொண்டே அழுதேன். மிளகாய் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மாலையில் மண்டபத்தைப் பூட்டிவிட்டு, கல்யாணத்துக்கு வந்திருந்த என் மனைவியும் நானும் ரயிலடிக்கு நடந்தோம். நான் காற்றில் மிதந்துகொண்டிருந்தேன். ரயில் வரும் சத்தம் கேட்டபோது அவள் மெதுவாகத் திரும்பினாள்.

"சால் அடுப்ப அணைச்சீங்களா?"

அணைத்திருந்தேன். சத்தியமாக அணைத்திருந்தேன். ஆனால் இனி அது எங்கள் ஊர் அடுப்பு மட்டுமா? அத்தனை ஊர்களுக்கும் பங்குள்ள அடுப்பல்லவா? ரயிலை விட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். பின்னால் அவள் சிரித்தது மண்டபத்து வாசல் வரை கேட்டது.