விஞ்ஞானப் புத்தகத்துக்குள்ள இருந்த மூணு கண்ணு ரோபோ

கோதுமை மா பசை கொதிக்கிற வாசம்... அது மூக்குல ஏறினா இப்பவும் எனக்கு கண்டி டவுன்ல இருந்த ஒரு தியேட்டரோட பின்பக்கம் தான் ஞாபகம் வரும்.

அங்க போஸ்டர் ஒட்டுற சோமே மாமா, மிஞ்சினதை எல்லாம் சுருட்டி எனக்குத் தருவார். பழைய இங்கிலீஷ் விண்வெளிப் படங்கள் தான் கூடுதல். படம் பாக்க வீட்ல விட மாட்டாங்க. நமக்குப் போஸ்டர் மட்டும் தான்.

அதுல ஒண்ணு என் உயிர்.

மூணு கண்ணு ரோபோ ஒண்ணு, நிலாவ தேங்காய் மாதிரி ஒரு கையில பிடிச்சிட்டு நிக்கும். அம்பிட்டியவுல எங்க வீட்டு அலுமாரி மேல பத்திரமா வச்சிருந்தேன்... பத்திரம்னு நான் நினைச்சேன்.

எட்டாம் வகுப்பு, ஜனவரி மாசம். ஸ்கூல்ல தர்ற இலவசப் புத்தகத்த வருஷக் கடைசில திருப்பிக் குடுக்கணும், அடுத்த வருஷப் பிள்ளைக்கு. அதனால கவர் போடாம இருந்தா தொலைஞ்சோம். வீட்ல பிரவுன் பேப்பர் முடிஞ்சிருக்கு. நான் டியூஷன் போய் வர்றதுக்குள்ள அம்மா என் ரோபோவ ரெண்டா மடிச்சு, படம் உள்ள, வெள்ளைப் பக்கம் வெளிய வச்சு, விஞ்ஞானப் புத்தகத்துக்குக் கவர் போட்டுட்டாங்க.

"தாள் நல்ல தடிப்பா இருந்திச்சுப்பா, அதான்."

ரெண்டு நாள் அம்மாவோட நான் பேசல.

ஆனா உண்மையச் சொல்லணும்... பாடம் போரடிச்சா கவர் ஓரத்த மெதுவா விரிச்சுப் பாப்பேன். ஒரு கண்ணு மட்டும் தெரியும். அது போதும் எனக்கு.

டிசம்பர்ல புத்தகம் குடுக்கிற அன்னைக்கு, ரோபோவ கழட்டிட்டு வேற கவர் போடுற திட்டத்தோட பிரவுன் பேப்பரும் கொண்டு போனேன். கிளாஸ் மிஸ் நேரா என் மேசைக்கு வந்தாங்க.

"யாரு போட்ட கவர் இது? அம்மாவா? கெட்டிக்காரி. கழட்டாம அப்படியே வை மகன், அடுத்த பிள்ளைக்கும் உதவும்."

சரி மிஸ்னு தலையாட்டினேன். மடையன்.

மிஸ் அங்கால போனதும், மடிப்ப விரிச்சு ரோபோவோட கால் பக்கத்துல பென்சிலால எழுதினேன்... "பாத்தா யாருக்கும் சொல்லாதீங்க." விஷயம் தெரிஞ்சா எவனாவது பிச்சு எடுத்துருவான்னு பயம். புத்தகம் போயிருச்சு. வீட்டுக்கு வந்து அழுதேன், வெக்கமில்லாம சொல்றேன்.

அப்புறம் படிச்சு, பேராதனைல வேலை. சம்பளம் வரத் தொடங்கினதும் பழைய போஸ்டர் சேக்கிற பைத்தியம் முத்திருச்சு. இப்ப வீட்ல இருபத்திமூணு தொங்குது. "மனுஷங்க படம் ஒண்ணாவது மாட்டுங்களேன்"னு வீட்டுக்காரி புலம்பல். நான் தேடுற ஒண்ணு மட்டும் கிடைக்கவே இல்ல.

போன மாசம் ஒரு ஃபேஸ்புக் குரூப்ல ஒரு ஃபோட்டோ. "இது என்ன படம்னு யாருக்காவது தெரியுமா?"

மூணு கண்ணு! போஸ்டர் முழுக்க மடிப்புக் கோடு... சரியா ஒரு ஸ்கூல் புத்தகத்தோட அளவுக்கு.

போட்டவங்க ரிஸ்னா, எங்க ஸ்கூல் தான், எனக்கு நாலு வகுப்புக் கீழ. இன்பாக்ஸ்ல கதையச் சொல்லி, விலைக்குக் கேட்டேன்.

"விக்க மாட்டேன் நானா." அண்ணன நானான்னு தான் அவங்க கூப்பிடுவாங்க. "ஆனா நீங்க வந்து பாக்கத்தான் வேணும்."

என்ன கேட்டாலும் குடுத்து வாங்கிறதுன்னு மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டு, குண்டசாலைக்கு பஸ் ஏறினேன். அவங்க வீட்டு ஹால்ல, கண்ணாடிக்குள்ள நிக்குது என் ரோபோ. அவங்க வருஷம் சிலபஸ் மாறினதால புத்தகத்தத் திருப்பிக் கேக்கலயாம். கவர கழட்டி வச்சுக்கிட்டாங்க.

"கால் பக்கம் பாருங்க நானா."

என் கோணல் எழுத்து அப்படியே இருந்திச்சு. அதுக்குக் கீழ, நாலு வருஷத்துப் பிள்ளைங்க, நாலு விதமான கையெழுத்து.

"சொல்லல."
"நானும் சொல்லல."
"சத்தியமா சொல்லல."
"சொல்லல. ரிஸ்னா."

விலையப் பத்தி நான் வாயே தொறக்கல. பிளேன்டீ குடிச்சிட்டு வந்துட்டேன்.

இப்ப எந்தப் போஸ்டர் வேணும்னாலும் ஃபோன்ல தேடி, ஒரு மணித்தியாலத்துல பிரிண்ட் எடுத்துரலாம். நல்ல விஷயம் தான், குறை சொல்லல. ஆனா கையில கிடைச்ச நிமிஷமே ஊருக்கெல்லாம் காட்டிருறோம்.

அந்த நாலு பிள்ளைங்களும் வாயக் கட்டிட்டு இருந்ததால தான் ரோபோ தப்பிச்சிச்சு.

ரிஸ்னா கூட ஃபோட்டோ மட்டும் தான் போட்டாங்க. அந்த ரகசியத்த கடைசில ஊருக்கெல்லாம் சொன்னது... "சொல்லாதீங்க"ன்னு எழுதி வச்ச நான் தான்.