பி.ஏ. வைத்த கைநாட்டு

திருவொற்றியூரில் ஓர் ஆலையில் நான் சம்பள கிளார்க்காக இருந்தபோது, அங்கே மூட்டை தூக்கும் ஆள் ஒருவர் இருந்தார். முப்பது வயதிருக்கும், காதோரம் அதற்குள் நரை. சனிக்கிழமைதோறும் கைநாட்டு வைத்துக் கூலி வாங்குவார். பிறகு வெளியே போய், மை போன பின்னும் கட்டைவிரலைச் செங்கல் சுவரில் தேய்த்துக்கொண்டே நிற்பார்.

ஒருநாள் நான் பதிவேட்டில் ஆங்கிலத்தில் தலைப்பு எழுதிக்கொண்டிருந்தேன். எதிரே நின்ற அவர் தலைகீழாகவே படித்துவிட்டு, "ரிசீவ்டுல 'ஐ'க்கு முன்னால 'ஈ' வரணும் சார்" என்றார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"படிச்சிருக்கியா?"

"பி.ஏ." குரல் தாழ்ந்தது, கோபம் தாழவில்லை. "எங்கம்மா வூட்டை அடமானம் வெச்சி படிக்க வெச்சிது. பட்டத்தைக் காட்டினா, படிச்சவனுக்கு இங்க இன்னா வேலைன்னு கேட்லயே தொரத்துறானுங்க. கைநாட்டுன்னு சொன்னேன், உள்ள வுட்டானுங்க. வூட்டை மீட்கணுமே. நீ இன்னா படிச்சிகீறே சார்?"

"எஸ்.எஸ்.எல்.சி."

"அப்போ நீ எழுது. நான் கைநாட்டு வெக்கிறேன். மைப் பொட்டியை இப்படித் தள்ளு."

இன்றுவரை அந்த ஆங்கிலச் சொல்லை நான் தப்பாக எழுதியதில்லை. அந்தப் பட்டத்தால் உலகத்தில் யாருக்காவது பயன் உண்டென்றால், அது எனக்குத்தான்.