துடைத்தவள் கை

தடயவியல் படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "பொணத்தோட குடித்தனம் பண்ற படிப்பு. இதைப் படிச்சா எவன்டி பொண்ணு கேட்டு வருவான்?" பஸ் ஓட்டுநரான அப்பாவோ, "படிக்கட்டும் விடு. பொய் சொல்றவங்க கொஞ்சமாவது பயப்படட்டும்" என்றார். சித்தப்பாவுக்குக் கவலையே வேறு. கல்யாண மண்டபத்தில் தொலைந்த தன் செருப்பை எப்போது கண்டுபிடித்துத் தருவாய் என்று வரும்போதெல்லாம் கேட்பார்.

வகுப்பில் நாங்கள் அவளைப் 'பூதக்கண்ணாடி' என்று கூப்பிடுவோம். கண்ணாடி டம்ளரில் கரும்பொடி தூவி ரேகை எடுக்கச் சொன்னால், நாங்களெல்லாம் பிரஷ்ஷை அழுத்தி ரேகையையே துடைத்துவிடுவோம். அவள் குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோலத் தடவுவாள். வளைவும் சுழியுமாக ரேகை எழுந்து வரும்.

மூன்றாம் வருஷம், விடுதி வார்டனின் தங்கச் சங்கிலி அவர் அறை இரும்பு அலமாரியிலிருந்து காணாமல் போனது. போலீசுக்குப் போனால் கல்லூரி பேர் கெட்டுவிடுமாம். எங்கள் துறைத் தலைவர், "நம்ம பிள்ளைங்களே பார்க்கட்டும். ஒரு பிராக்டிகல் ஆன மாதிரியும் இருக்கும்" என்றார். பூதக்கண்ணாடியைத்தான் அனுப்பினார்.

அலமாரிக் கதவின் விளிம்பில் ஒரே ஒரு ரேகை கிடைத்தது. அதுவும் பாதி. நடுப்பகுதி இழுபட்டுக் கலைந்திருந்தது. அதை டேப்பில் ஒட்டி எடுத்துக்கொண்டு அவள் ஆய்வகத்துக்கு வந்தால், அங்கே விடுதியைப் பெருக்கித் துடைக்கும் அக்காவை உட்கார வைத்திருந்தார்கள். குளியலறைச் சாக்கடையில் முடி அடைத்தால் எங்களை உண்டு இல்லை என்று ஆக்கும் அக்கா, அன்று ஸ்டூல் நுனியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்திருந்தாள். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் தின்ற விரல்கள். மையில் உருட்டி எடுத்தும் பாதிக் கோடுகள் பதியவில்லை.

"வேற யாரோட ரேகையும் எடுக்கலையா சார்?" என்று பூதக்கண்ணாடி கேட்டாள்.

"எதுக்கு? வார்டன் மேடத்துக்கு இவ மேலதான் சந்தேகம். நீ ஒப்பிட்டுப் பாரு" என்றார் துறைத் தலைவர்.

பூதக்கண்ணாடி வெகுநேரம் பார்த்தாள். "சொல்ல முடியாது சார். இதை வச்சு யாரோடதுன்னும் சொல்ல முடியாது."

"ரெண்டு மூணு இடம் ஒத்துப்போகுது இல்ல?"

"ரெண்டு மூணு இடம் என் விரலோடகூட ஒத்துப்போகும் சார். அப்படியே இது அக்காவோடதா இருந்தாலும் என்ன? அந்த அலமாரியைத் தினமும் துடைக்கிறதே அவங்கதான். துடைக்கிறவங்க கை படாம எப்படி இருக்கும்?"

"நீ ஸ்டூடண்ட், வக்கீல் இல்லை" என்றார் அவர்.

அன்று சாயங்காலமே அக்காவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். பூதக்கண்ணாடி எங்கள் விடுதி அறைக்குள் அங்கும் இங்கும் நடந்தாள். கோபம் வந்தால் அவளுக்கு மூக்கு நுனி சிவந்துவிடும். "முன்கூட்டியே முடிவு பண்ணிட்டுத் தடயத்தைப் பார்க்காதேன்னு சார் முதல் வகுப்பிலேயே சொன்னாரே, அதே மனுஷன்தானே இவரு? அது பரீட்சையில எழுதறதுக்கு மட்டுமா?"

மறுநாள் வகுப்பில் பூதக்கண்ணாடி, துறைத் தலைவர் மேசைமேலேயே மைத்தட்டைத் திறந்து, தன் பத்து விரலையும் தாளில் பதித்து அவர் முன்னால் வைத்தாள். "மேடத்துக்குக் காய்ச்சல் வந்தப்ப அந்த அலமாரியிலேருந்து போர்வை எடுத்துக் கொடுத்தது நான்தான் சார். என் கையையும் பாருங்க."

எழுந்துபோய் நானும் பதித்தேன். பிறகு விடுதிப் பெண்கள் ஒருத்தர் பின் ஒருத்தராக வந்தார்கள். மேசையெல்லாம் மை.

"வார்டன் மேடம் ரேகையும் வேணும் சார். பிராக்டிகல்னா முழுசா இருக்கணும்" என்றாள் அவள்.

விஷயம் பிரின்சிபால் வரைக்கும் போனது. அவர் துறைத் தலைவரைப் பார்த்து ஒன்றுதான் கேட்டார்: "இது அந்தம்மா கைதான்னு உங்க பேர்ல எழுதித் தருவீங்களா?" துறைத் தலைவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அக்காவைத் திரும்பக் கூப்பிடச் சொல்லிவிட்டார் பிரின்சிபால்.

சந்தோஷமாக அக்கா வீட்டுக்கு ஓடினோம். அவள் எங்களை உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். "நான் வரலை கண்ணுங்களா. நாளைக்கு ஒரு குடை காணாம போனாலும் என் கையைத்தான் நீட்டச் சொல்லுவாங்க" என்றாள். பக்கத்தில் ஒரு பல் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்துகொண்டாள். வார்டன் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. சங்கிலியை யார் எடுத்தது என்று இன்றுவரை தெரியாது. வகுப்பிலேயே கெட்டிக்காரியான பூதக்கண்ணாடிக்கு அந்த வருஷம் செய்முறைத் தேர்வில் எல்லோரையும்விடக் குறைந்த மதிப்பெண் விழுந்தது. துறைத் தலைவர் ஓய்வுபெற்றபோது பெரிய விழா எடுத்தார்கள். அவள் போகவில்லை.

இப்போது அவள் ரேகை ஒப்பிடும் அலுவலகம் ஒன்றில் இருக்கிறாள். போன வாரம் ஒரு வழக்கு விசாரணை அதிகாரி அவள் மேசைமுன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அவன்தான் பண்ணினான்னு எங்களுக்கு நல்லாத் தெரியும் மேடம். ஒத்துப்போகுதுன்னு நீங்க ஒரு வரி போட்டாப் போதும்" என்றாராம்.

"அவ்வளவு நல்லாத் தெரியும்னா என்கிட்ட எதுக்குக் கொண்டு வந்தீங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

இதைப் போனில் சொல்லும்போதும் அவள் குரல் சூடாகத்தான் இருந்தது.