கேப்டன் நூபியாவும் கத்தும் கருவியும்

மலையடிவாரத்து வில்லாவிசென்சியோ விமான நிலையத்தில் நூபியா அர்சினியேகாஸைத் தெரியாதவர்கள் இல்லை. இரண்டு விசிறி வைத்த கிழட்டு விமானத்தில் காட்டு ஊர்களுக்கு ஆட்கள், அரிசி, பீர், கோழி என்று எல்லாவற்றையும் சுமந்தே தலை நரைத்தவள். அவள் கணவனும் விமானிதான். மேகத்துக்குள் மலை தெரியாமல் மோதிப் போய்ச் சேர்ந்தான்.

பழைய பயணிகள் விமானங்கள் எல்லாவற்றிலும் தரை நெருங்கினால் எச்சரிக்கும் கருவி கட்டாயம் என்று அரசு உத்தரவு போட்டபோது, மற்ற விமானிகள் திட்டினார்கள். நூபியா மட்டும் அழுதாள். இது அன்றே வந்திருந்தால்!

ஆனால் காட்டு ஊர்களின் மண் ஓடுபாதைகள் அந்தக் கருவிக்குத் தெரியாது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் "தரை! தரை! மேலே ஏறு!" என்று அலறியது. அணைக்கவும் வழியில்லை, பொத்தானுக்கு முத்திரை வைத்திருந்தார்கள்.

"உங்க மாமியா ஆரம்பிச்சுட்டாங்க, கேப்டனம்மா" என்பான் கூடவே பறக்கும் மெக்கானிக் எலியேசர்.

அன்று கருரூ என்ற காட்டு ஊரில் பிரசவ வலியில் துடித்த ஒருத்தியை ஏற்றிவரப் போனார்கள். கருவி அலறியது. நூபியாவின் கை தானாக விமானத்தை மேலே தூக்கிவிட்டது.

"பாதைதான் கண்ணெதிர கிடக்குதே! ஏன் ஏத்துனீங்க?"

"தெரியலடா. அது சொல்லுது, என் கை கேக்குது."

மறுமுறை பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கினாள். ரத்தப்போக்கோடு கிடந்த அந்தப் பெண்ணையும், அவள் கையை விடாத கணவன் வில்மரையும் ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள்.

வில்லாவிசென்சியோவை மேகம் மூடியிருந்தது. இறங்கத் தொடங்கியதுமே கருவி மறுபடி அலறியது.

"அது எப்பவும் கத்துறதுதான், இங்ககூட ரெண்டு தடவ சும்மா கத்துச்சே. விட்டுத் தள்ளுங்க. அந்தப் பொண்ணுக்கு ரத்தம் நிக்கல!" என்றான் எலியேசர்.

பொய் சொல்கிறதா, உண்மை சொல்கிறதா? வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. நூபியா விமானத்தை மேலே ஏற்றினாள். மேகம் விலகும்வரை சுற்றினாள்.

தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் வில்மர் அவளை மறித்தான். அவன் குரலில் கோபம்கூட இல்லை.

"ஏன் சுத்துனீங்க, கேப்டன்? மேகத்துக்குள்ள அப்படி என்னதான் இருந்துச்சு?"



"மலை இருந்துச்சுப்பா" என்றாள் நூபியா.

சொன்னது உண்மையா பொய்யா என்று அவளுக்கே தெரியவில்லை.