மன்னார்குடிக்குப் போன நாற்பது பக்கங்கள்

போன செவ்வாய்க்கிழமை குக்கரின் மூன்றாவது விசிலுக்குக் காத்துக்கொண்டிருந்தபோது மாலதி போன் செய்தாள். கைலாசபுரத்தில் இருக்கிறாள், கல்லூரியில் மூன்று வருடம் எனக்குப் பக்கத்து இருக்கை. ஹலோ கூடச் சொல்லவில்லை.

“ஏன்டி, அந்தப் பொண்ணு சாகவே இல்லையாமே?”

எந்தப் பெண் என்று நான் கேட்கவில்லை. முப்பது வருடமாக இந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். அவள் மகளுக்கு இப்போது நாங்கள் படித்த அதே நாவல் பாடமாம். போனில் தட்டியதும் கதாபாத்திரங்கள், கருப்பொருள், உவமை, உருவகம் எல்லாம் வரிசையாக வந்து விழுந்ததாம். மாலதி நம்பாமல் புத்தகத்தையே வாங்கிப் படித்திருக்கிறாள். விசில் ஐந்து, ஆறு என்று போய் அன்றைக்குச் சோறு குழைந்தது என் தப்பில்லை.

நாங்கள் பி.ஏ. ஆங்கிலம் படித்த வருடம் அந்த அமெரிக்க நாவலைப் புதிதாகப் பாடத்தில் வைத்திருந்தார்கள். கைடு வரவில்லை. லைப்ரரியில் இருந்த ஒரே பிரதியை ஒரு லெக்சரர் எடுத்துப் போயிருந்தார். திருப்பிக் கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை. மெயின் கார்டு கேட் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடையில் நானும் மாலதியும் ஒரு பிரதியைக் கண்டுபிடித்தோம். அட்டை கிடையாது. கடைக்காரர் பிரித்துக் காட்டியதிலேயே அது இரண்டாகிவிட்டது. முன்பாதி அவளுக்கு, பின்பாதி எனக்கு. அந்தத் தாளில் ஈரச் சாக்கு வாசனை அடிக்கும். இன்றைக்கும் மளிகைக் கடையில் அந்த வாசனை வந்தால் எனக்கு அமெரிக்காதான் ஞாபகம் வருகிறது.

அவரவர் படித்ததை அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும் என்பது ஒப்பந்தம். சாயங்காலம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறாமல் காவிரிப் பாலத்தில் நடந்தே மாம்பழச்சாலைக்கு வருவோம். அங்கிருந்து நான் ஸ்ரீரங்கம், அவள் திருவெள்ளறை பஸ். பாலம் முடிவதற்குள் ஓர் அத்தியாயம் முடிந்துவிடும்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. பண்ணையில் வளர்ந்த பெண். வெளியூர் போய் டீச்சராக ஆசை. வீட்டில் விடவில்லை. ஒரு விடிகாலையில் வெண்பனி மூடிய வயல்களைத் தாண்டி ரயிலுக்கு நடக்கிறாள். மாலதிக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. அவள் வீடும் வயல்காட்டு வீடுதான். ஒரு பேப்பரில் அரியர் விழுந்தாலும் படிப்பை நிறுத்திவிடுவதாக அவள் அப்பா சொல்லியிருந்தார்.

எங்கள் மேடம் பாதி நாவல் வரைதான் நடத்தினார். “பனின்னா மரணம். எழுதிக்கோங்க. விளக்குன்னா நம்பிக்கை. வேலின்னா அடக்குமுறை. மீதிய நீங்களே படிச்சுக்கோங்க.” எழுதிக்கொண்டோம். திருச்சிக்காரிகளான நாங்கள் பார்த்த ஒரே பனி, மரத்தூளுக்குள் புதைத்து விற்ற ஐஸ் கட்டி. அதிலே மரணம் எங்கிருந்து வந்தது என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

வைகுண்ட ஏகாதசிக்கு எங்கள் வீட்டில் கால் வைக்க இடமிருக்காது. வந்தவர்கள் எல்லாரும் ஊர் திரும்பியபின் பார்த்தால் என் பாதியில் கடைசி நாற்பது பக்கங்களைக் காணோம். நான் அதுவரை அவற்றைப் புரட்டியிருக்கவில்லை. அம்மா சாவகாசமாகச் சொன்னாள்: “மன்னார்குடி அத்தை பிரசாதம் சுத்திண்டு போனா. பிஞ்சுபோன இங்க்லீஷ் காயிதம்தானேடி.” அமெரிக்கப் பெண்ணின் கதி கோயில் செல்வரப்பத்தின் நெய்யில் ஊறி மன்னார்குடி போய்ச் சேர்ந்தது.

மாலதியிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவளோ முன்பாதியை வரி விடாமல் படித்துச் சொன்னவள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் மேடம் சொன்ன கணக்கு கையில் இருக்கிறதே. பனி என்றால் மரணம். அந்தப் பெண் பனியில் நடந்துகொண்டிருக்கிறாள். அப்புறம் என்ன சந்தேகம்?

பங்குனி மாதம், காவிரியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மணல் வெள்ளையாகக் கிடந்தது. அதைக் காட்டி, “இப்படித்தான்டி பனி” என்று ஆரம்பித்து, அவளை ரயில் நிலையத்துக்கு நூறு அடி முன்னால் விழவைத்துச் சாகடித்தேன். விளக்கையும் மறக்காமல் அணைத்தேன். அந்த நேரம் பார்த்து ரயில் பாலத்தில் சென்னை வண்டி கூவிக்கொண்டு போனது. மாலதி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். சொந்தச் சரக்குக்குத் தானே அழுதவள் நான்தான்.

பரீட்சையில் பனியைப் பற்றித்தான் கேள்வி. மாலதி ஆறு பக்கம் எழுதினாளாம், முழுக்க அந்தச் சாவைப் பற்றியே. நான் என்ன செய்தேன் தெரியுமா? முடிவைத் தொடாமல் சாமர்த்தியமாகப் பாதி வழியில் நிறுத்திக்கொண்டேன். அது அயோக்கியத்தனம் என்று எனக்கு அப்போதே தெரியும். ரிசல்ட் வரும்வரை அவளுக்கு அரியர் விழக் கூடாது என்று ரங்கநாதரைத் தினமும் தொந்தரவு செய்தேன். அவளுக்கு முதல் வகுப்பு வந்தது. எனக்குத் தட்டுத் தடுமாறிப் பாஸ். பேப்பர் திருத்தியவரிடமும் கடைசி நாற்பது பக்கங்கள் இல்லை போலிருக்கிறது.

போனில் அத்தையையும் அப்பத்தையும் சொல்லி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். மாலதி நிஜமான முடிவைச் சொன்னாள்.

“ரயிலப் புடிச்சிட்டாடி. கடைசிப் பக்கத்துல டீச்சரா இருக்கா. எனக்கு எம்.ஏ.வுக்குச் சென்னைல சீட் கெடச்சுதுல்ல, அப்பா போயிட்டு வான்னுதான் சொன்னாரு. நாந்தான் மாட்டேன்னேன். கண்ண மூடுனா அவ பனியில கெடந்தா.”

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அப்போது அவள் சிரித்தாள். “சும்மா சொன்னேன்டி. நீ மட்டும்தான் கதை விடுவியா?”

நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அவளுக்குச் சீட் கிடைத்தது நிஜம், போகாததும் நிஜம். ஏன் என்று அன்றைக்குக் கேட்டதற்கு, “தோணல” என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் பழைய புத்தகக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். மன்னார்குடி அத்தை இல்லை. ஒரு அத்தியாயத்துக்காகப் பாலத்தை நடந்து கடக்கிறவர்களும் இல்லை. அந்தப் பெண் பிழைத்தாளா என்று மாலதியின் மகள் ஒரு நொடியில் பார்த்துவிடுகிறாள். அவள் அம்மா அன்றைக்கு ஏன் ரயில் ஏறவில்லை என்பதை மட்டும் எங்கே தட்டிப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.