திறக்காத குப்பியும் இறந்த உயிரணுக்களும்

குற்றச்சாட்டு: மார்ச் 12, செவ்வாய்க்கிழமை காலை 9.40 மணிக்கு, ஆய்வுக்கூட மேலாளர் என்னிடம் ஒரு கேள்வியும் கேளாமல், "திறப்பு மருந்தை இரண்டு நாள் முன்னதாக ஊற்றி நாற்பது குடுவைகளை அழித்தார்" என்று எழுதி, மாத இறுதியோடு என்னைப் பணிநீக்கம் செய்யப் பரிந்துரைத்தார். அக்கடிதத்தின் நகல் என்னிடம் உள்ளது.

நான் இங்கே பாட்டில் கழுவ வந்தவள். பதினொரு ஆண்டுகள் கழுவினேன். குப்பைக்குப் போன கையேடுகளை வீட்டுக்கு எடுத்துச்சென்று, அகராதியை மடியில் வைத்துப் படித்து, உயிரணு வளர்க்கும் மேசைக்கு வந்து சேர்ந்தேன். குடுவைகளில் ஒட்டும் ஒவ்வொரு சீட்டுக்கும் இரண்டாம் பிரதி எழுதி வைப்பேன். சீரமும் மருந்தும் இருக்கும் குளிர் அறையைப் பார்த்துக்கொள்ளும் குளிர் அறைக்காரர் என்னை 'ரசீது' என்றே அழைப்பார்.

எங்கள் ஆய்வுக்கூடம் மருந்துக்காக வைரஸ் தயாரிக்கிறது. வைரஸ் தன்னைத் தானே செய்துகொள்ளாது; உயிரணுதான் செய்து தரவேண்டும். எங்கள் உயிரணுக்களுக்குள் அதற்கான மரபணு உண்டு, ஆனால் பூட்டிய நிலையில். டாக்சிசைக்ளின் என்னும் திறப்பு மருந்து சிறிது பட்டாலே அந்தப் பூட்டு திறந்துகொள்ளும். பிறகு உயிரணு வைரஸைச் செய்து வெளியே விடும். அந்த வேலையிலேயே சில நாளில் மடியும். ஆகவே உயிரணுக்கள் பெருகிக் குடுவை நிறையும்வரை பூட்டைத் திறக்கக்கூடாது.

அன்று காலை குடுவைகள் பாதிகூட நிறையவில்லை. அதற்குள் உயிரணுக்கள் ஒன்றோடொன்று கலந்து உருகிக் கிடந்தன; பூட்டு திறந்துவிட்டதன் அடையாளம் அது. மருந்துக் குப்பியோ முத்திரை உடையாமல் இருந்தது. எடுத்துக் காட்டினேன்.

"முத்திரைய யாரு வேணா மறுபடி ஒட்டலாம்மா," என்றார் மேலாளர்.

"முத்திரைக் கட்டு உங்க மேசைக்குள்ள, சாவி உங்க பையில. நான் எதை சார் ஒட்டுறது?"

அவர் கடிதத்தின் நகலை என் பக்கம் தள்ளினார்.

மாறியிருந்தது ஒன்றே: உயிரணுக்களுக்கு ஊட்டும் கன்றுச் சீரம், அதாவது கன்றின் ரத்தத் தெளிநீர். மார்ச் 4 அன்று புதிய விற்பனையாளரிடமிருந்து வந்ததை, மார்ச் 9 முதல்தான் குடுவைகளில் ஊற்றினோம். மாடுகளுக்கு நோய் வராமலிருக்க டாக்சிசைக்ளின் இன மருந்தைக் கொடுப்பதுண்டு, அது சீரத்தில் தங்கிவிடலாம் என்று ஒரு கையேட்டில் படித்திருந்தேன்.

மறுநாள், இருப்பிலிருந்த நல்ல உயிரணுக்களைக் கொண்டு இரண்டு குடுவைகள் வைத்தேன். ஒன்றில் பழைய சீரம், மற்றதில் புதியது. மருந்து எதிலும் இல்லை. குளிர் அறைக்காரர் சாட்சிக் கையொப்பமிட்டார்.

"ரசீது, இது புஸ்ஸுன்னு போச்சுன்னா நாம ரெண்டு பேரும் பாட்டில் கழுவணும்."

"எனக்குப் பழகின கை. உங்க பாடுதான் திண்டாட்டம்ணே."

நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நுண்ணோக்கியில் பார்த்தேன். வியாழன் மாலையும் இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. வெள்ளி காலை 11.15க்குப் புதிய சீரக் குடுவையில் இரண்டு உயிரணுக்களின் எல்லை கரைந்தது; அடுத்து ஐந்து, பிறகு எண்ண முடியவில்லை. பழையதில் ஒன்றும் அசையவில்லை. படமெடுத்துவிட்டு மேலாளரை அழைத்தேன்.

அவர் நெடுநேரம் குனிந்து பார்த்தார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"குளிர் அறை அண்ணனுக்கு."

இரண்டு குடுவைகளிலும் பிளீச்சிங் கரைசலை ஊற்றினார். "அனுமதியில்லாத சோதனை. இது நடக்கவே இல்ல, புரியுதா?"

அந்தச் சீரத்தை வாங்கும் ஆணையில் இருப்பது அவர் கையொப்பம்.

நிர்வாக இயக்குநர் அவர்களுக்கு: படங்கள், சாட்சியம், சீட்டுகளின் இரண்டாம் பிரதிகள், ஆணையின் நகல் ஆகியவற்றை இணைத்துள்ளேன். புதிய சீரத்தில் ஆறு பாட்டில்கள் மீதமுள்ளன. அவற்றை வெளி ஆய்வகத்துக்கு அனுப்புவீர்களா, மாட்டீர்களா? என் மீதான பரிந்துரை நிற்குமா, நீங்குமா? மார்ச் 22க்குள் கையொப்பமிட்ட எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். வாய்மொழியாகச் சொல்வதை ஏற்கமாட்டேன்.