தாதா வீட்டுச் சம்பந்தம்

இருங்காட்டுக்கோட்டையில் மெஸ் நடத்தும் மகாராஜாவுக்கு மீசைதான் முதல் எதிரி. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து அவர் கொண்டுவந்த முறுக்கு மீசையும் ஆறடி உடம்பும் சினிமாவில் வரும் ரவுடித் தலைவனுக்குப் பொருத்தமானவை. மனமோ, கோழியை அறுக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளும் மனம்.

அங்கே சாப்பிடும் வங்காளத் தொழிலாளர்கள் அவரைத் 'தாதா' என்றார்கள். அவர்கள் மொழியில் அதற்கு அண்ணன் என்று பொருள். நாளடைவில் தெருவே அப்படி அழைத்தது.

அவர் மகள் வேல்விழி, தன்னோடு வேலை பார்க்கும் கார்முகிலை விரும்பினாள். கார்முகிலின் தந்தை ராமன், வாலாஜாபாத்தில் நெல் வியாபாரி. பெண் வீட்டைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். தெருமுனை டீக்கடையில், "மகாராஜா வூடு எங்க கீது?" என்று கேட்டார்.

"யாரு, நம்ம தாதாவா?" என்றார் டீக்கடைக்காரர்.

மெஸ்ஸுக்குள் வந்து அமர்ந்த ராமன், வைத்த காபியைத் தொடவில்லை.

"பொண்ணு தங்கமான பொண்ணுதான். ஆனா தாதா வூட்டு சம்பந்தம் நமக்கு இன்னாத்துக்கு, சொல்லுங்க?"

மகாராஜா தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகளின் முகம் கண்முன் வந்து நின்றது.

ராமன் மூலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கட்டம்போட்ட சட்டைக்காரரைக் காட்டினார். "அதோ, அந்தப் பெரியவரு மாதிரி சாதுவா ஒரு ஆளா இருந்தா, யோசிக்காம தட்டு மாத்திடுவேன்."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். அந்த வட்டாரத்துத் தொழிற்சாலைகளின் கழிவிரும்பு லாரி ஒன்றும் அந்தப் பெரியவரின் சம்மதமின்றி நகராது. அவரை எதிர்த்தவர் எவரும் அதன்பிறகு ஊரில் இருந்ததில்லை. எல்லாரும் அவரை 'ஐயா' என்பார்கள். பெயரை எவரும் சொன்னதில்லை.

ஐயா புன்னகைத்தார், தம் இலையைத் தாமே எடுத்துப் போட்டார், கைகழுவி, "நல்ல குடும்பம், முடிச்சிடுங்க" என்று மென்மையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அப்போது சுபல் என்ற வங்காளத் தொழிலாளி தட்டோடு வந்து ராமன் அருகில் நின்றான். "தாதா, கொஞ்சம் தள்ளி உட்காரு."

"யோவ், நான் இன்னா தாதாவா?"

"நீ பெரிய தாதா. இவரு நம்ம தாதா. தாதான்னா அண்ணா."

ராமன் மகாராஜாவின் மீசையைப் பார்த்தார். கலங்கியிருந்த கண்களைப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அப்போ அந்தச் சாதுவான பெரியவரு?"

மகாராஜா வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவர யாரும் தாதான்னு கூப்பிட மாட்டாவ. காபி ஆறிப்போச்சி, வேற போடுதேன்."

"சூடா போடு, சம்பந்தி" என்றார் ராமன்.